ஐம்பது லிட்டர் பானைக்கு ஒரு வால்வு

என் புருஷன் ஃபாபியானை வீட்டை விட்டு அனுப்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவன் என் வீட்டுக் கொல்லையில் நிற்பான். காரணம் ஒரு பானை. ஐம்பது லிட்டர் பிடிக்கிற அலுமினியப் பானை. அதில் நான் பீர் காய்ச்சுகிறேன். முப்பத்தெட்டு லிட்டர் பார்லிச் சாறு கொதித்து முடிந்ததும் பானையை அடுப்பு மேடையிலிருந்து இறக்கி, துணி துவைக்கிற தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும். ஆறியதும் மறுபடி தூக்கி வாளியில் சாய்க்க வேண்டும். ஒரு ஆளால் ஆகிற காரியம் இல்லை. துறைமுகத்து மீன் ஆலையில் பதினெட்டு வருடம் நின்றபடியே மெர்லூசா மீனை முள்ளில்லாமல் அரிந்து அரிந்து தேய்ந்துபோன என் இடுப்புக்கு, இரண்டு ஆள் இருந்தாலும் கஷ்டம்தான்.

அதனால் வருவான். தோல் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு பிடியை அவன் பிடிப்பான், மறு பிடியை நான். பாரத்தில் முக்கால் பங்கைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வான், வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டான். இறக்கி வைத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இலைத் தூளில் வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிற மாத்தேயைக் குடிக்க ஆரம்பித்தால் எட்டு மணி வரை வாய் ஓயாது. அவன் ஓட்டுகிற கிரேன் கதை, துறைமுகத்துக் கதை, அவன் அக்கா வீட்டு நாய்க் கதை. இப்போதுதான் என் பானையைத் தூக்கிக் கொடுத்த மனுஷனை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு எல்பா மதில்மேல் மோவாயை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்ப்பாள். புருஷனைத் துரத்திவிட்டு அவனையே கூப்பிட்டு வேலை வாங்குகிற பெண்பிள்ளையை இந்த மார் தெல் பிளாத்தா ஊர் முழுக்கத் தேடினாலும் வேறு கிடைக்காது என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

ஏன் துரத்தினேன் என்று கேட்பவர்களிடம் குளியலறை ஜன்னலைக் காட்டுவேன். சரிசெய்கிறேன் என்று மே மாதம், எங்கள் ஊரில் குளிர் தொடங்குகிற நேரத்தில், அதைக் கழற்றினான். குளிர்காலம் முழுக்க அந்த ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் தாள் படபடத்தது. கடல்காற்று நேராக முதுகில் அடிக்கக் குளித்தேன். 'அடுத்த வாரம், ஒல்லி' என்பான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான், நான் ஒல்லியாக இருந்து இருபது வருடம் ஆகிறது. ஆகஸ்டில் ஒரு நாள் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு அவன் பெட்டியை வாசலில் வைத்தேன். குடிகாரன் இல்லை, கை நீட்டினவன் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. எதையும் முடிக்க மாட்டான். அதுவும் ஒரு கொடுமைதான், ஆனால் அதை யாரிடமும் சொல்லி அழ முடியாது.

பானையின் பக்கவாட்டில், அடியோரமாக ஒரு வால்வு வைத்துவிட்டால் தூக்கவே வேண்டாம் என்று முதலில் சொன்னதும் அவன்தான். ஆறு வருடத்துக்கு முன்னால். ஓட்டை போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறிகூடப் போட்டுவைத்தான். அதோடு சரி.

போன தடவை பானையை இறக்கும்போது, 'இடுப்பு எப்படி இருக்கு, ஒல்லி?' என்று மெதுவாகக் கேட்டான். அந்த மெதுவான குரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. கோபமாகக் கேட்டிருந்தால் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அவன் போன பிறகும் அந்தக் குரல் கொல்லையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் ஒருவன் இப்படி வந்து நின்றால் நான் எங்கே தனியாக வாழ்கிறேன்? பிரிந்தேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. அவன் வருகிற வழியை அடைக்க வேண்டும் என்றால் பானையில் ஓட்டை போட வேண்டும். ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த திங்கட்கிழமை ஆலை விட்டதும் ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றாமல் நசரேனோ கடைக்குப் போனேன்.

நசரேனோ இருபது வருடமாக அந்த ஹார்டுவேர் கடையை வைத்திருக்கிறார். கடைக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. அரை அங்குல ஸ்டீல் வால்வு வேண்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரன்தான ஆறு வருஷமா இந்த வால்வ எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போறான்? தேய்ஞ்சே போச்சு."

அந்தத் தேய்ந்த வால்வையே கொடுங்கள் என்றேன். வால்வு, நட்டு, இரண்டு வாஷர், இரண்டு சிலிகான் வளையம், ஒரு செம்புக் குழாய்ச் சுருள் எல்லாம் கொடுத்தார். ஓட்டையைப் படிப்படியாகப் பெரிதாக்குகிற பிட் ஒன்றை இரவலாகத் தந்தார். பிறகு கவுண்டரில் ஒரு தாளை வைத்துப் படம் வரைந்து விளக்கினார். ஓட்டையை ரொம்பக் கீழே போட்டால் பானையின் வளைவில் நட்டு சரியாக உட்காராது, ஒழுகும். அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே போட வேண்டும். அப்படிப் போட்டால் அந்த ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள சாறு வெளியே வராது. அதை இழுக்க, வால்வின் உட்பக்கத்திலிருந்து பானையின் அடியைத் தொடுகிற மாதிரி வளைந்த குழல் ஒன்று வேண்டும். அந்தக் குழல் அவரிடம் இல்லை. அடுத்த வாரம் புதன்கிழமை வரும் என்றார்.

புதன்கிழமை என்றால் நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. இன்னொரு தடவை அவன் வர வேண்டும், இன்னொரு தடவை எட்டு மணி வரை. மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பானையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து முழங்காலில் இறுக்கிக்கொண்டு டிரில்லை எடுத்தேன். ஃபாபியானின் பென்சில் குறி இன்னும் இருந்தது. அளந்து பார்த்தேன், அடியிலிருந்து இரண்டே சென்டிமீட்டர். அவன் சொன்ன இடத்தில் ஓட்டை போட்டிருந்தால் பானையே பாழ். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அந்தக் குறியை எச்சில் தொட்டு அழித்துவிட்டு ஐந்து சென்டிமீட்டரில் என் குறியைப் போட்டேன்.

ஆனால் டிரில் நுனியை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன். நல்ல பானை. ஓட்டை விழுந்துவிட்டால் விழுந்ததுதான், திரும்ப மூட முடியாது. வால்வு ஒழுகினால் எண்ணெய்ச் சட்டியாகக்கூட உதவாது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடி எழுந்து வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது யோசிக்காமல் அழுத்தினேன். அலுமினியம் மென்மையானது, வெண்ணெயில் போகிற மாதிரி போய்விட்டது. உள்ளே வெள்ளிச் சுருள்கள் உதிர்ந்தன. அரம் போட்டு ஓரத்தை வழவழப்பாக்கி வால்வை மாட்டி, தண்ணீர் நிரப்பினேன்.

ஒழுகியது. ஸ்பானரால் இறுக்கினேன், இன்னும் ஒழுகியது. ஆத்திரத்தில் இன்னும் இறுக்கினதில் சிலிகான் வளையம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. எல்லாவற்றையும் கழற்றி, வளையத்தை உட்பக்கம் மாற்றி, கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் திருப்பு மட்டும் திருப்பினேன். பானைக்கு அடியில் ஒரு உலர்ந்த செய்தித்தாளை விரித்து, அதையே முறைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் இருந்தேன். தாள் நனையவில்லை.

இனி உள்ளே வைக்கிற குழல். சமையலறை இழுப்பறையைக் குடைந்தபோது ஃபாபியான் விட்டுப்போன மாத்தேக் குழல் கையில் வந்தது. நல்ல கனமான ஸ்டீல் குழல், அவன் அப்பா கொடுத்தது. கழுத்தில் அழகாக வளைவு, நுனியில் சின்ன முட்டை மாதிரி வடிகட்டி. பார்த்ததும் மூளையில் பல்பு எரிந்தது. இலைத் தூளை வடிகட்டித் தண்ணீரை மட்டும் இழுக்கவே பிறந்த சாமான் இது. பீரில் கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸும் இலைதானே, பூதானே? பானையில் அடியில் தங்குவதை வடிகட்டிவிட்டுத் தெளிவை மட்டும் இழுக்கட்டும். ஒரு துண்டு சிலிகான் ட்யூபைச் செருகி அதன் வாயை வால்வின் உள்வாயோடு சேர்த்தேன், முட்டை பானையின் அடியைத் தொட்டது. தண்ணீர் ஊற்றித் திறந்தால் அடிமட்டம் வரை உறிஞ்சி எடுத்துவிட்டது. நசரேனோவின் புதன்கிழமையும் வேண்டாம், யாரும் வேண்டாம் என்று கொல்லையில் தனியாக நின்று சிரித்தேன்.

வியாழக்கிழமை ஆலையின் இடைவேளையில் ஃபாபியானுக்குச் செய்தி அனுப்பினேன். நாலு தடவை எழுதி அழித்து, கடைசியில் இப்படி அனுப்பினேன்: சனிக்கிழமை வர வேண்டாம். வால்வு போட்டாச்சு. இனிமே தூக்க ஆள் தேவையில்லை.

மணி என்ன என்று கேட்டால் மூன்று நிமிடக் குரல் பதிவு அனுப்புகிற ஆள் அவன். அன்றைக்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தை வந்தது. சரி.

அந்த ஒரு வார்த்தை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்று சொல்ல மாட்டேன், தூங்கினேன். ஆனால் கத்தி பிடிக்கிற கையைக் கழுவிக் கழுவிப் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாம். என்ன சரி? எதற்குச் சரி? நான் கேட்டது அதுதான், கிடைத்ததும் அதுதான், பிறகு ஏன் இந்தக் குடைச்சல் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். கடல்பக்கமிருந்து காற்று. மால்ட் என்கிற முளைகட்டின பார்லியை வெந்நீரில் ஊறப்போட்டு, சாற்றை வடித்து, குடம் குடமாக மொண்டு பானையில் ஊற்றி, மூன்றரைக்குக் கொதி வந்தது. ஹாப்ஸை இரண்டு தவணையாகப் போட்டேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக. கொதிக்கிற பானைக்குக் காவல் இருப்பதைத் தவிர வேலை இல்லை. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாளியைக் கழுவினேன், கழுவின வாளியை மறுபடி கழுவினேன். வாசல்வரை போய்த் திரும்பினேன். ஐந்துக்கு அடுப்பை அணைத்து, மரத் துடுப்பால் சாற்றைச் சுழற்றிவிட்டு, மண்டி நடுவில் சேரட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்தேன். அந்தக் கால்மணி நேரத்தில் தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள் போயின. அவனுடையது இல்லை. எண்ணிக்கொண்டிருந்தேன், மறைப்பானேன்.

வால்வைத் திறந்தேன். தேன் நிறத்தில் சாறு கொட்டி, ஹோஸ் வழியாக ஓடி, தொட்டித் தண்ணீரில் மூழ்கிய செம்புச் சுருளுக்குள் புகுந்து, மறுமுனையில் குளிர்ந்து வாளியில் விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்பா, எல்பா என்று கத்தினேன். முழங்கால் வலியோடு அவள் முனகிக்கொண்டு நாற்காலியில் ஏறி மதிலுக்கு மேல் தலையை நீட்டுவதற்குள் கொட்டின சாறு நூலாகி, நூல் சொட்டாகி, சொட்டும் நின்றது.

"இதப் பாக்கவாடி என்ன நாற்காலி மேல ஏத்தின?" என்றாள்.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வாளியில் பத்து லிட்டர். பானையில் இருபத்தெட்டு. எங்கே தப்பு என்று உடனே தெரிந்துவிட்டது. மாத்தே இலை எவ்வளவு ஊறினாலும் இலையாகத்தான் இருக்கும். ஹாப்ஸ் ஒரு மணி நேரம் கொதித்தால் பச்சைச் சேறு. அந்தச் சேறு வடிகட்டியின் ஊசித் துளைகளைச் சுத்தமாகப் பூசி அடைத்திருக்கும். நான் சோதித்தது வெறும் தண்ணீரில்.

ஹோஸைச் செம்புச் சுருளிலிருந்து கழற்றி அதன் வழியாகத் திருப்பி ஊதினேன். பானைக்குள் குமிழி வந்தது, ஐந்து வினாடி ஓடியது, அடைத்துக்கொண்டது. மறுபடி ஊதினேன். மறுபடி அடைத்தது. காது அடைக்க ஊதி, தலை சுற்றி, மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழலை உள்ளேயே அசைத்துவிட்டால் ஒருவேளை வழி விடும் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் கோப்பையில் வைத்த மாத்தேக் குழலை ஆட்டாதே, ஆட்டினால் இலை அடைத்துக்கொள்ளும் என்று பிறந்ததிலிருந்து கையில் அடி வாங்கி வளர்ந்தவள் நான். பீர்ப் பானையில் கிடக்கிற குழலை ஆட்டவும் அந்தக் கை போகவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

எல்பா ஃபாபியானுக்குப் போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சாறு புளித்துப்போகும் என்றாள். போகட்டும் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்காத மாதிரி வந்தது, அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சாறு புளிப்பதா எனக்குக் கவலை? இன்றைக்கு அவனைக் கூப்பிட்டால் வருவான். தூக்குவான். எட்டு மணி வரை உட்காருவான். அடுத்த சனிக்கிழமை என்று சொல்லிவிட்டுப் போவான். பிறகு சாகிற வரைக்கும் சனிக்கிழமைகள்தான். இந்தப் பானையை இன்றைக்குத் தனியாகக் காலி செய்ய முடியாவிட்டால் அவனிடமிருந்து எனக்கு விடுதலையே கிடையாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தெருமுனையில் இருமி, வாசலில் அணைகிற அவனுடைய மோட்டார் சைக்கிள்.

கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான். கையுறை இல்லை. இஸ்திரி போட்ட சட்டை, வாரின தலை. நான் பானைக்கு முன்னால் போய் நின்று, வால்வை முதுகால் மறைத்துக்கொண்டேன்.

"தூக்க வரல," என்றான் முந்திக்கொண்டு. "நீ வேணாம்னுட்ட. அப்பாவோட மாத்தேக் குழல் இங்க இருக்குல்ல, அத எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எங்கேயோ இருக்கும், தேடி எடுத்து எல்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றேன். இப்போதே வேண்டும் என்றான். என்ன அவசரம் என்றேன். திங்கட்கிழமை பஸ் என்றான். கொமதோரோவில் கிரேன் வேலை, குறைந்தது மூன்று வருடம், தங்க இடமும் கொடுக்கிறார்கள். இங்கிருந்து ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போக வேண்டிய ஊர்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நவம்பர்லயே கூப்பிட்டாங்க. பிப்ரவரில மறுபடியும் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவையும் மாட்டேன்னுட்டேன். நான் போயிட்டா பானைய யாரு தூக்குவான்னு. வியாழக்கிழமை உன் மெசேஜ் வந்துச்சு. அப்பவே அவங்களுக்குப் போன் போட்டுச் சரின்னுட்டேன்."

அந்தச் சரி எனக்கு மட்டும் சொன்ன சரி இல்லை என்று அப்போது புரிந்தது. எனக்கு வந்தது கோபம். என் வாசலை அடைக்கத்தான் வால்வு போட்டேன், அவனுக்கு ஊரைவிட்டே போகிற கதவைத் திறந்துவிட அல்ல. இத்தனை மாதமாக நான் தள்ளிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன், அவன் நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு வேலையையும் முடிக்காதவன், என் பானையை மட்டும் ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லை. இதை எட்டு மாதத்தில் ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. அழுகை வருகிறதா என்று தெரியவில்லை, அவன் முன்னால் அதைக் கண்டுபிடிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை.

"குழல் உள்ள இருக்கு," என்றேன்.

"சமையல்கட்டுலயா?"

"பானைல. சாறு இழுக்க வச்சேன். அடச்சிக்கிச்சு."

விலகி நின்றேன். என்னைப் பார்த்தான், பானையைப் பார்த்தான், ஒரு சொட்டுகூட வராத வால்வைப் பார்த்தான். பிறகு அவன் தோள் குலுங்கியது. ஹாப்ஸ் சேற்றுக்கு மாத்தேக் குழலா என்று கேட்க வந்தவன் பாதியில் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் அடக்க முடியவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்.

சிரிப்பு அடங்கினதும் ஆணியில் தொங்கின பழைய கையுறையை எடுத்தான். "வா ஒல்லி, கடைசியா ஒரு தடவ தூக்கிடலாம்."

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர், இரண்டு பிடி, இரண்டு நிமிடம், முடிந்தது. பாரத்தின் முக்கால் பங்கை எனக்குத் தெரியாமல் அவன் வாங்கிக்கொண்டிருப்பான். ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தப் பானைக்கு முன்னால் நான் ஒருத்திதான் நிற்பேன். இன்றைக்குத் தெரியாதது அன்றைக்குத் தெரியப்போகிறதா?

வேண்டாம் என்று சொல்லிவிட்டு மரத் துடுப்பை எடுத்தேன். ஆவிக்குள் எட்டிப் பார்த்து, குழல் வால்வோடு சேர்கிற இடத்தைத் துடுப்பின் நுனியால் தடவிக் கண்டுபிடித்து, அதைக் கீழ்நோக்கி ஒரே அடியாக அடித்தேன். ஒரு அடியில் வரவில்லை. இரண்டாவதில் குழல் கழன்று டங் என்று அடியில் விழுந்தது. அவன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அப்பாவின் குழல் அல்லவா. ஹோஸைச் சுருளில் திரும்ப மாட்டினேன். வால்வைத் திறந்தேன். சாறு முழு வேகத்தில் கொட்டியது.

வாளி நிறைவதைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். சாறு தெளிவாக வரவில்லை, பச்சை மண்டி கலந்துதான் வந்தது. பரவாயில்லை, ஈஸ்ட் போட்டு நாலு நாள் வைத்தால் அடியில் தங்கிவிடும். பத்து நிமிடத்தில் வேகம் குறைந்து, நசரேனோ சொன்னபடியே ஓட்டையின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுபோனது. அடியில் ஐந்து சென்டிமீட்டர் மிச்சம். ஆறு லிட்டர் இருக்கும். அதை மட்டும் தூக்கி வடிகட்டியில் சாய்க்க வேண்டும்.

துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு பிடியைப் பிடித்தேன். அவன் யோசிக்கவே இல்லை, இருபது வருடப் பழக்கம், மறு பிடியில் அவன் கை இருந்தது.

"விடு, ஃபாபியான்."

"சூடு."

"தெரியும். விடு."

கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, பிடியைத்தான் பார்த்தான். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தான். பானை லேசாகச் சாய்ந்தது, பாரம் முழுக்க என் பக்கம் வந்தது. அவன் கை இருந்த பிடியையும் துணியோடு பற்றிக்கொண்டேன். தூக்கினேன்.